யாரும் கட்டாயப்படுத்தலையே!

குடிக்கக் கூடாது என்று சொல்லும் கட்டுரைகள் நீங்கள் நிறைய படித்திருப்பீங்க. தேவார வகுப்பில் கேட்டிருப்பீங்க. பள்ளியில் நன்னெறிக் கல்வி பரீட்சையில் அதற்குக் காரணம் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீங்க. அதையே நானும் இன்னொரு தடவை எழுதினால் நீங்க அடுத்த பக்கத்துக்குப் போயிடுவீங்க. அதனால் இங்கே குடிக்கிறவனைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசப் போறேன். ஊற்றிக் கொடுக்கிறவனைப் பற்றித்தான் அதிகம்.

கேள்வி ரொம்ப சாதாரணமானது. ஒரு கூட்டாளிக்கு ஒரு கிளாஸ் நீட்டுறோம். அவன் வாங்கிக் குடிக்கிறான். அதற்கப்புறம் அவனுக்கு ஏதாவது ஆனால், நீட்டிய கைக்கு அதில் பங்கு உண்டா இல்லையா? இதை நான் பல பேரிடம் கேட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க: "யாரும் கட்டாயப்படுத்தலையே." கேட்க நியாயமாக இருக்கும். நானும் கொஞ்ச காலம் அதை நியாயம் என்றுதான் எடுத்துக்கிட்டேன்.

நம்ம பசங்களுக்கு இது எங்கே ஆரம்பிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். எஸ்.பி.எம். முடிந்து, மெட்ரிகுலேஷனோ டிப்ளோமாவோ முடித்து, முதல் தடவையாக வீட்டை விட்டு வெளியே வருகிறோம். ஹாஸ்டலில் இடம் கிடைக்காவிட்டால் தாமானில் ஒரு தெரஸ் வீடு, ஏழெட்டு பேர், ஆளுக்கு முந்நூறு வெள்ளி வாடகை. அம்மா சமையல் இல்லை, அப்பா குரல் இல்லை. முதல் வாரத்திலேயே சீனியர் அண்ணன்மார் அறிமுகம். அந்த அண்ணன்மார் நல்லவங்கதான், அதையும் சொல்லிடணும். பழைய பரீட்சைத் தாள் கொடுப்பாங்க, மோட்டார் இரவல் கொடுப்பாங்க, காய்ச்சல் வந்தால் கிளினிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஊரில் இருந்து தனியா வந்தவனுக்கு அவங்கதான் குடும்பம். அந்தக் குடும்பம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கூடும்போது நடுவில் ஒரு பாட்டில் இருக்கும்.

அந்தப் பாட்டிலை வாங்கினது யாரு? முதல் வருஷத் தம்பியால் வாங்க முடியாது. நம்ம நாட்டில் 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது விற்கக் கூடாது. அதற்கு முன் 18. அப்படியென்றால் 19 வயசுத் தம்பி கையில் இருக்கும் ஒவ்வொரு கிளாஸும், முறைப்படி பார்த்தால், பெரியவர் ஒருவர் கையைத் தாண்டித்தான் அவனிடம் வந்திருக்கணும். கடைக்காரர் கொடுத்திருந்தால் அது குற்றம். அண்ணன் கொடுத்தால் அதற்குப் பேர் பாசம்!

என் இரண்டாம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்றேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஊர் எல்லாம் வேண்டாம். ஒரு சீனியரின் 21-வது பிறந்தநாள். நம்மவர்கள் வீட்டில் 21 என்றால் சும்மா இல்லை, கேக்கில் சாவி வைத்துக் கொண்டாடுவோம். வீட்டில் அப்பா அம்மாவோடு ஒரு விழா முடிந்து, வாடகை வீட்டில் கூட்டாளிகளோடு இன்னொன்று. நான் அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தேன். முதல் வருஷத் தம்பி ஒருவன், வடக்கே ஒரு சின்ன ஊர்ப் பையன், முன்னே பின்னே குடித்ததில்லை. "டேய் தம்பி, ஒண்ணே ஒண்ணு, அண்ணன் பொறந்தநாளுக்கு." குடித்தான். இரண்டாவது கிளாஸ் யார் கொடுத்தாங்கன்னு ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. மூன்றாவதை அவனே கேட்டான் என்கிறார்கள். பன்னிரண்டரைக்கு அறையில் போய் மல்லாந்து படுத்துட்டான். "தூங்கிட்டான், விடு" என்று கதவைச் சாத்திட்டாங்க. இரண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்த ஒரு ஹவுஸ்மேட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. வாந்தி தொண்டையில் சிக்கி மூச்சு இழுக்கிற சத்தம். அவன் ஓடிப்போய் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலை விட்டு வாயைத் துடைத்து, மற்றவங்களை எழுப்பினான். இரண்டு நாள் வார்டில் இருந்து தம்பி பிழைத்து வந்தான்.

மறுநாள் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவங்க அம்மா விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தாங்க. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் மகனுக்கு மாற்றுத் துணி. யாரையும் திட்டலை. வராந்தாவில் நின்ற ஏழு பேரையும் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "யாருப்பா ஊத்திக் கொடுத்தது?" பிறந்தநாள்காரர்தான் பதில் சொன்னார். "நாங்க யாரும் கட்டாயப்படுத்தலை ஆண்ட்டி."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிரச்சனையாகப் போச்சு. கையைப் பிடித்து வாயில் ஊற்றவில்லை. மிரட்டவில்லை. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி வேறு. கட்டாயப்படுத்தியது யார் என்று அவங்க கேட்கவே இல்லை.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கட்டாயம் இல்லை என்றால், வேண்டாம்னு சொல்ல அவனுக்கு இடம் இருந்தது என்று அர்த்தம். இருந்ததா? ஒரு கூட்டத்தில் "எனக்கு வேணாம்" என்று சொல்லிப் பாருங்க. குடிக்கிறவனை யாரும் "ஏன் குடிக்கிற?" என்று கேட்க மாட்டாங்க. குடிக்காதவனைத்தான் "ஏன்டா?" என்பாங்க. மருந்து சாப்பிடுறியா? உடம்பு சரியில்லையா? வீட்டில் பயமா? சும்மா பிடிக்கலைன்னு சொன்னால் அது பதிலாகவே ஏறாது. நம்ம பசங்களிடையே கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: "மாலை போட்டிருக்கேன்டா." தைப்பூசத்துக்குக் காவடி, இல்லாவிட்டால் சபரிமலை. மாலை போட்டவனைச் சாமி என்று கூப்பிட்டு ஹண்ட்ரட் பிளஸ் வாங்கிக் கொடுப்பாங்க. எனக்குத் தெரிந்து ஒருத்தன் நிம்மதியா இருக்கணும்னே மாலையைக் கழற்றுவதை ஒரு வாரம் தள்ளிப் போட்டான். விரதம் முடிந்த அன்றைக்கு "முடிச்சாச்சுல்ல, வா" என்று ஆரம்பிப்பதும் இதே கூட்டாளிகள்தான். முருகன் பேரைச் சொன்னால்தான் ஒரு மனுஷன் வேண்டாம்னு சொல்ல முடியும் என்றால், முதல் வாரத்தில் வந்து சேர்ந்த தம்பிக்கு அங்கே எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

இன்னொன்று. நான் கெமிக்கல் என்ஜினியரிங் படிக்கிறேன். கண்ட்ரோல் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது இது: தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் வால்வை மூட வேண்டும், மூடுவதற்கு, எவ்வளவு நிரம்பியிருக்கு என்று ஒரு சென்சார் சொல்ல வேண்டும். சென்சார் கெட்டுப்போனால் வால்வு எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனமில்லை. மது முதலில் கை வைப்பது அந்தச் சென்சாரில்தான். கால் தடுமாறுவது, வாந்தி எல்லாம் பிறகு. "போதும்" என்று முடிவெடுக்கும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கு. அது முழுசாக வளர்ந்து முடியவே இருபது வயது தாண்டி நாலைந்து வருஷம் ஆகும். மது அதைத்தான் சீக்கிரம் மங்கவைக்குது. முதல் கிளாஸை வாங்கினவன் யோசித்து வாங்கினான் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாவதைக் கேட்டவன் அதே ஆள் இல்லை. "அவனே கேட்டான்" என்று சொல்வது, கெட்டுப்போன மீட்டரில் வந்த எண்ணை லேப் ரிப்போர்ட்டில் எழுதுவது மாதிரி.

எண் என்று வந்தபிறகு ஒரு கணக்கும் போட்டுவிடலாம், பொறியியல் மாணவன் கட்டுரையில் கணக்கு இல்லாவிட்டால் எப்படி. 700 மில்லி விஸ்கி, 40 சதவீதம். அதில் 280 மில்லி சுத்த எத்தனால். எடையில் சுமார் 220 கிராம். 320 மில்லி பீர் டின், 5 சதவீதம் என்றால் சுமார் 12 அல்லது 13 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். காப்பி குடித்தாலும், தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. இரண்டு பேர் ஒரு பாட்டிலை முடித்தால் ஆளுக்கு 110 கிராம். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தவன் உடம்பில் காலை எட்டு மணி லெக்சருக்கு மோட்டார் எடுக்கும்போதும் மது மிச்சமிருக்கும். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020 அக்டோபர் 23 முதல் கடுமையாகி, ரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50 ஆகக் குறைந்தாச்சு. குடித்து ஓட்டி ஓர் உயிர் போனால் முதல் தடவைக்கே 10 முதல் 15 வருஷம் சிறை. அந்தச் சிறைக்குப் போகிறவன் ஓட்டினவன் மட்டும். பாட்டிலைத் திறந்துவிட்டு "போயிட்டு வா மச்சான், பாத்து" என்று சொன்னவன் சாட்சிக் கூண்டில் கூட ஏற மாட்டான்.

"தூங்கிட்டான், விடு" என்ற பேச்சும் இந்தக் கணக்கில்தான் தப்பாகிறது. கடைசியாகக் குடித்தது வயிற்றில் இருக்கும். ஆள் தூங்கின பிறகும் அது ரத்தத்தில் ஏறிக்கிட்டேதான் இருக்கும். படுக்கும்போது இருந்ததைவிட ஒரு மணி நேரம் கழித்து மோசமாகலாம். யாராவது இப்படி விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்க, தனியா விடாதீங்க. எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கு, உடம்பு சில்லென்று இருக்கு என்றால் 999. வீட்டில் தெரிந்துவிடும், வார்டனுக்குத் தெரிந்துவிடும் என்று யோசிக்கிற நேரம் அது இல்லை.

சரி, நம்ம நூல்கள் என்ன சொல்லுது? மகாபாரதத்தில் கசன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சஞ்சீவினி வித்தை கற்க சுக்ராச்சாரியாரிடம் வந்த கசனை அசுரர்கள் கொல்கிறார்கள். குரு உயிர்ப்பிக்கிறார். மறுபடி கொல்கிறார்கள், மறுபடி உயிர்ப்பிக்கிறார். மூன்றாவது தடவை கசனை எரித்து, சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவர் குடித்துவிடுகிறார். சிஷ்யன் குருவின் வயிற்றுக்குள். பிறகு ஒருவழியாக இரண்டு பேரும் பிழைக்கிறார்கள். அதன்பின்தான் சுக்ராச்சாரியார், இனி அந்தணன் மது அருந்தினால் அது பெரும் பாவம் என்று விதிக்கிறார். மதுவிலக்குக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த விதியை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது கலந்து கொடுத்த கை. அசுரர்களும் குருவைக் கட்டாயப்படுத்தவில்லை! கிளாஸை நீட்டினார்கள், அவர் வாங்கினார். ஆனாலும் கதை கேட்கும் ஒரு சின்னப் பிள்ளைகூட அசுரர்களுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லாது. அதே நேரம் சுக்ராச்சாரியாரும் "எனக்குத் தெரியாது, அவங்கதான் கொடுத்தாங்க" என்று தப்பிக்கவில்லை. விதியைத் தன்னிடமிருந்தே ஆரம்பிக்கிறார். இரண்டு பேருக்கும் பங்கு இருக்கு. ஒருத்தர் பங்கு இன்னொருத்தர் பங்கைக் குறைக்கவில்லை.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-வது அதிகாரம். அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கு. நாம் சாதாரணமாகப் பார்க்கும் பல பதிப்புகளில் அது வரும் இயலுக்குப் பெயர் நட்பியல் (பரிமேலழகர் பிரிப்பு வேறு). நட்பு, நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு எல்லாம் வரும் அதே இயலில் கள்ளும் வருகிறது. பிரித்தவர் என்ன நினைத்துப் பிரித்தாரோ எனக்குத் தெரியாது. ஆனால் என் வாடகை வீட்டைப் பார்த்தால் அது சரியான இடம் என்றுதான் தோன்றுது. அந்த அதிகாரத்தில் வள்ளுவர் பெற்ற தாயின் முகத்தையும் நினைவுபடுத்துவார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது சும்மா கடந்துபோனது. ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பிறகு அப்படிக் கடக்க முடியலை.

இதைப் பேசினால் உடனே சிலர் மடக்குவாங்க. "முனீஸ்வரருக்கே பீர் படைக்கிறோமே, மதுரை வீரனுக்குச் சாராயம், சுருட்டு வைக்கிறோமே, இது இந்து சமயத்தில் இல்லையா?" இருக்கு. தோட்டத்துக் கோவில்களில் அந்தப் படையல் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. சங்க காலத்துப் புலவரும் அரசரும் சேர்ந்து கள் அருந்தியதும் பாட்டிலேயே இருக்கு. நம் முன்னோர் யாரும் தொட்டதே இல்லை என்று கதை விட வேண்டியதில்லை. ஆனால் காவல் தெய்வத்தின் முன் வைக்கிற பாட்டிலுக்கு ஒரு அளவு இருக்கு, ஒரு நாள் இருக்கு, வைப்பதற்கு ஒரு ஆள் இருக்கு. முனீஸ்வரர் "இன்னொரு ரவுண்டு" கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. பூஜை முடிந்து பாட்டில் கோவில் வாசலைத் தாண்டின பிறகு அதை யார் யாருக்கு ஊற்றுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதற்குப் படையல் பதிலாகாது.

நம்ம தாத்தா பாட்டி காலத்துக்கும் கொஞ்சம் போய்வரணும். ஏன்னா ஊற்றிக் கொடுத்தவன் யார் என்று நம்மைவிடத் தெளிவாகக் கேட்டவங்க அவங்கதான். ரப்பர் தோட்டத்தில் கோவில் இருந்தது, தமிழ்ப் பள்ளி இருந்தது, கள்ளுக்கடையும் இருந்தது. அரசாங்க உரிமத்தோடு நடந்த கடை. நாளெல்லாம் பால் மரம் வெட்டிய கூலி சாயங்காலம் அந்தக் கடை வழியாகத் திரும்பிப் போகும். தொழிலாளி குடிக்கிறான், அதனால்தான் முன்னேறவில்லை என்று துரைமாரும் சொன்னாங்க, படித்த நம்மவர்களும் சொன்னாங்க. அப்போதும் யாரும் கட்டாயப்படுத்தவில்லைதான்! கடை திறந்து வைத்திருந்தாங்க, அவ்வளவுதான்.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதில் முன்னால் நின்றவர். அந்தத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்க: சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை, பெண்கள் மீது கை வைப்பதை நிறுத்துவது. அந்தப் பட்டியலிலேயே கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினாங்க. ராணுவம் வந்தது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. போருக்குப் பிறகு, 1947-ல், கெடாவில் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் கூடினாங்க. அவர்களும் கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்து போலீஸிடம் அடி வாங்கினாங்க. அவங்களில் பலருக்கு நம்ம வயசுதான் இருந்திருக்கும்.

குடிக்கிறவனே, திருந்து என்று அவங்க நிறுத்தியிருக்கலாம். அது சுலபம், அதற்கு யாரும் சுட மாட்டாங்க. கூலியையும் சைக்கிளையும் கள்ளையும் ஒரே தாளில் எழுதியதைப் பார்த்தால், ஊற்றுகிற இடத்தில்தான் விஷயம் இருக்கு என்று அவங்களுக்குப் புரிந்திருக்கு. இப்போது நம்ம சங்கக் கூட்டங்களில் மதுவைப் பற்றிப் பேச்சு வந்தால், தோட்டம் விட்டு வெளியேறின குடும்பங்களின் சம்சு பழக்கத்தைப் பற்றி ஒரு பரிதாபம் காட்டிவிட்டு முடித்துவிடுகிறோம். அது 'அவங்க' பிரச்சனை. பட்டப்படிப்பு படிக்கிற நாம் குடிப்பது 'சோஷியல்'. எத்தனாலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்து 40 பேருக்கும் மேல் இறந்தபோது, செத்தவர்களில் பெரும்பாலோர் நேப்பாள, வங்காளதேச, மியன்மார்த் தொழிலாளர்கள். நாங்கள் லேப்பில் மெத்தனாலைத் தொடும்போது கையுறை போடச் சொல்வாங்க. 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78 டிகிரி, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அன்றைக்கும் யாரோ ஒருவர் பாட்டிலில் அடைத்தார், யாரோ விற்றார். குடித்தவர்கள் விரும்பித்தான் வாங்கினாங்க.

"அப்போ குடிக்கிறவனுக்குப் பொறுப்பே இல்லையா? எல்லாப் பழியும் கூட்டாளி மேலேயா?" என்று ஒரு தோழி என்னிடம் சண்டை பிடித்தாள். அவள் கேட்டது சரி. பெண்கள் குடித்தால் ஒரு பேச்சு, ஆண்கள் குடித்தால் ஒரு பேச்சு என்று இருக்கிற இடத்தில், "பாவம், அவளுக்கு ஊத்திக் கொடுத்துட்டாங்க" என்று சொன்னால் அதுவும் ஒரு அவமானம்தான். அவளுக்குச் சொந்த புத்தி இல்லை என்பது போல ஆகிவிடும். நான் பொறுப்பைக் குடித்தவனிடமிருந்து பிடுங்கி வேறு இடத்தில் வைக்கச் சொல்லவில்லை. பொறுப்பு ஒரு பாட்டில் விஸ்கி இல்லை, நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குக் கால் பங்கு ஆவதற்கு. நாலு பேர் சுமந்தாலும் நாலு பேருக்கும் முழுசாகவே இருக்கும். காவடி எடுக்கிறவன் சுமை அவன் தோளில்தான். ஆனால் கூட நடக்கிறவன் அவனைத் தள்ளிவிட்டால் அது காவடி எடுத்தவன் குற்றமா?

எங்க வீட்டில் இப்போது சில மாற்றம் செய்திருக்கோம். குடிப்பதை நிறுத்திட்டோம் என்று சொன்னால் பொய். எட்டு பேரில் மூன்று பேர் குடிக்கிறார்கள். ஆனால் ஒருத்தர் இன்னொருத்தருக்கு ஊற்றக் கூடாது. வேணும்னா நீயே எழுந்து போய் ஊற்றிக்கோ. சின்ன விஷயம் மாதிரி தெரியும், செய்து பார்த்தால்தான் தெரியும். கிளாஸ் காலியானதும் பக்கத்தில் இருப்பவன் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். அதைப் பிடித்து நிறுத்தினபிறகு நிறைய பேர் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். 21 ஆகாதவனுக்கு இல்லை. வேண்டாம் என்றவனிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. மேசையில் ஐஸ் போட்ட சிராப் பண்டுங் ஜக்கும் பாட்டில் இருக்கும் அதே இடத்தில்தான் இருக்கும், சமையலறையில் ஒளித்து வைத்திருக்காது. சாவி எல்லாம் குடிக்காத ஒருத்தனிடம். இதெல்லாம் பிடிக்காமல் இரண்டு சீனியர்கள் வருவதை நிறுத்திட்டாங்க. "பசங்க ஆசிரமம் ஆக்கிட்டானுங்க" என்று பேச்சு. போகட்டும்.

இவ்வளவும் எழுதினாலும், நம்மில் பலருக்கு முதல் கிளாஸ் யார் கொடுத்தது என்று யோசித்தால் சீனியர் அண்ணனிடம் போய் நிற்காது. தீபாவளி அன்றைக்கு, மதியம், ஆட்டுக்கறி வாசனை வரும்போது, வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாமா, சித்தப்பாவிடம் போய் நிற்கும். பீர் நுரையை விரலால் தொட்டு நாலு வயசுப் பையன் நாக்கில் வைத்து அவன் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரிக்கிற வீடுகள் எத்தனை! ஐஸ் எடுத்து வா, கிளாஸ் எடுத்து வா என்று ஓடும் வேலையும் அவனுக்குத்தான்.

போன தீபாவளிக்கு எங்க பெரியப்பா, ஃபார்ம் ஃபோர் படிக்கும் என் தம்பி முறைப் பையனுக்கு அரை கிளாஸ் ஊற்றினார். நான் வேண்டாம் பெரியப்பா என்றேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப நிதானமாகத்தான் சொன்னார்: "வெளியில போய் எவன் கூடவோ குடிக்கிறதுக்கு, என் கண் முன்னாடி குடிக்கட்டுமே. நான் இருக்கேன் பாத்துக்க." ஒப்புக்கணும், இதுவரைக்கும் நான் கேட்ட வாதங்களில் இதுதான் பலமானது. அக்கறையிலிருந்து வருகிற வாதம். நான் கேட்டேன்: "நீங்க ஊத்தினதை அவன் 'பெரியப்பா முன்னாடி மட்டும்'னு எடுத்துக்குவானா, 'பெரியப்பாவே கொடுத்தாரு'ன்னு எடுத்துக்குவானா? நாளைக்கு எங்க மாதிரி ஒரு வீட்டில், ராத்திரி ஒரு மணிக்கு, எவனாவது நீட்டும்போது நீங்க பக்கத்தில் இருக்க மாட்டீங்களே."

பெரியப்பா பதில் சொல்லவில்லை. கிளாஸைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, முறுக்குத் தட்டைப் பையன் பக்கம் தள்ளினார். பெரியம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாங்க. இந்த வருஷம் என்ன செய்யப் போறார் என்று நான் இன்னும் கேட்கலை.